அறுபது டிகிரியில் ஒரு பாட்டில்

டாக்டர் மகாராஜன் தன்னைப் பற்றிப் பேசத் தொடங்கினால் மின்சாரம் போனால்தான் நிறுத்துவார். அந்த வெள்ளிக்கிழமை காலை போடியில் மின்சாரம் நன்றாகவே இருந்தது. ஆகவே சிலமலை ரோட்டில் இருந்த அவருடைய ஆராய்ச்சிக்கூடத்தில் நானும் சந்திரவல்லி அக்காவும் முக்கால் மணி நேரம் நின்றபடியே அவர் பெருமையைக் கேட்டோம். உட்காரச் சொல்லும் பழக்கம் அவருக்கு இல்லை. மூன்று நாற்காலிகள் இருந்தன. மூன்றிலும் அவர் வாங்கிய கேடயங்கள் உட்கார்ந்திருந்தன.

எங்களைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அக்கா இருபது வருடம் போடி வியாபாரிகளுக்கு ஏலக்காய் சாம்பிள் பார்த்துக் கொடுத்தவர். ஏல மேசையில் ஒரு காயைக் காட்டி, மூட்டையில் வேறு காயைக் கட்டியவர்களைப் பிடித்துப் பிடித்து, கடைசியில் பிடிப்பதையே தொழிலாக்கிக்கொண்டார். மெயின் பஜாரில் மாடி அறை, வாசலில் 'துப்பறியும் நிறுவனம்' என்று ஒரு பலகை. நிறுவனத்தின் மொத்த ஊழியர் நான், கார்முகில். முன்பு மலைக்கு ஆள் ஏற்றும் ஜீப் ஓட்டினேன். இப்போதும் அதே ஜீப்தான், ஏறுகிற ஆள்தான் குறைந்துவிட்டது.

மதுரையில் பெரிய பெரிய நிறுவனங்கள் இருக்கும்போது டாக்டர் எங்களை ஏன் கூப்பிட்டார் என்று நான் அப்போதே யோசித்திருக்க வேண்டும். பக்கத்தில் கிடைக்கிற, சொன்னதை அப்படியே எழுதிக்கொள்கிற இரண்டு மக்குகள் அவருக்குத் தேவைப்பட்டார்கள். என்னைப் பொறுத்தவரை அவர் கணக்கு சரிதான்.

விஷயம் இதுதான். செவ்வாய்க்கிழமை அவருடைய பிரிட்ஜிலிருந்து உள்ளங்கை உயரத்துக்கு ஒரு பழுப்புக் கண்ணாடி பாட்டில் காணாமல் போயிருந்தது. அதற்குள் இருந்தது அவருடைய வாழ்நாள் சாதனை. கைபேசித் திரைகளில் ஒளிர்கிற ஓ.எல்.இ.டி. படலங்களைப் பெரும்பாலும் வெற்றிடப் பெட்டிக்குள் ஆவியாக்கிப் படியவைக்கிறார்களாம். அதற்குப் பதிலாக, பொருளைத் திரவத்தில் கரைத்து மை மாதிரி அச்சடித்துவிட்டால் வேலை சுலபம். ஆனால் ஒன்றின் மேல் ஒன்றாக நாலைந்து படலம் பூச வேண்டும். இரண்டாவதைப் பூசும்போது அதிலுள்ள கரைப்பான் முதல் படலத்தைக் கரைத்துக் கூழாக்கிவிடும்.

"மொத கோட்டுச் சுண்ணாம்பு பிடிக்காம ரெண்டாவது கோட்டு அடிச்சா, எல்லாம் பிரஷ்ஷோட வந்துருமே, அது மாதிரியா சார்?" என்று அக்கா கேட்டார்.

உங்களுக்குப் புரிவதற்காக அப்படி வைத்துக்கொள்ளலாம் என்றார் டாக்டர். அவருடைய பாலிமர் அந்தச் சிக்கலுக்கு மருந்து. படலமாகப் பூசி அறுபது டிகிரி சூடு காட்டினால் அதன் நீளச் சங்கிலிகள் குறுக்கும் நெடுக்குமாகக் கைகோத்துக்கொள்ளும். கோத்த பிறகு எந்தக் கரைப்பானுக்கும் அசையாது. ஊரில் உலகத்தில் மற்றவர்கள் செய்த பாலிமர் கோத்துக்கொள்ள இருநூறு டிகிரி வரை போக வேண்டியிருக்கிறது, அந்தச் சூட்டில் வளைகிற பிளாஸ்டிக் திரை சுருண்டுவிடும். அறுபதிலேயே கோக்க வைத்தது தான்தான் என்று அவர் நெஞ்சைத் தொட்டுச் சொன்னார். காப்புரிமை விண்ணப்பத்தை எடுத்துக் காட்டினார். கண்டுபிடித்தவர் என்ற இடத்தில் ஒரே ஒரு பெயர்தான் இருந்தது. அதன் முன்னும் பின்னும் இருந்த எழுத்துகளை எண்ணிக்கொண்டு வந்து பாதியில் விட்டுவிட்டேன்.

இவ்வளவு நேரமும் ஓரமாக ஒரு பெண் நின்றுகொண்டிருந்தாள். பெயர் ஈஸ்வரி. ராசிங்காபுரம், வயது இருபத்தெட்டு, வேதியியலில் எம்.எஸ்சி., ஐந்து வருடமாக அங்கே உதவியாளர். திருடியது இவள்தான் என்று டாக்டர் அவள் முகத்துக்கு நேரேயே சொன்னார். கூடத்தின் சாவி அவரிடமும் அவளிடமும் மட்டும்தான் இருக்கிறது. அது போக, நாங்கள் போன அந்த வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்கு யாரோ ஒரு ஆள் போன் செய்து, போடிமெட்டுக்குப் பக்கத்து எஸ்டேட்டில் ஈஸ்வரியின் அம்மா வேலை செய்கிற ஏலக்காய் ஸ்டோரில் பாட்டில் இருக்கிறது என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டானாம். அந்தப் போனைக் கேட்ட ஒரே காது டாக்டருடையது.

நாங்கள் மலைக்குப் போய்ப் பாட்டிலைக் கண்டுபிடித்து, கண்டதைக் கண்டபடி எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அதை வைத்து மாலை நாலு மணிக்கு அவர் போலீசில் புகார் கொடுப்பார். திங்கட்கிழமை பெங்களூரிலிருந்து ஒரு கம்பெனிக்காரர்கள் பாலிமரைப் பார்க்க வருகிறார்கள், அதற்குள் கூடத்தைச் சுத்தப்படுத்திவிட வேண்டும் என்றார். சுத்தப்படுத்துவது என்று அவர் சொன்னது ஈஸ்வரியை. அந்தப் புகார் பதிவானால் அவளை இனி எந்த ஆராய்ச்சிக்கூடமும் வாசலில்கூடச் சேர்க்காது. அம்மாவுக்கும் மலையில் வேலை போய்விடும்.

அதற்குப் பிறகு அவர் செய்ததைத்தான் என்னால் இன்றுவரை ஜீரணிக்க முடியவில்லை. திருடி என்று சொன்ன அதே வாயால், இவர்களுக்கு ஒரு படலம் போட்டுக் காட்டு ஈஸ்வரி என்றார். அவளும் மறுபேச்சில்லாமல் ஒரு சின்னக் குப்பியில் மிச்சமிருந்த நாலு சொட்டை எடுத்து, இரண்டு கண்ணாடித் துண்டுகளில் விட்டு, சுழலும் எந்திரத்தில் வைத்துச் சுற்றினாள். ஒன்றை மட்டும் பத்து நிமிடம் சூட்டுத் தட்டில் வைத்தாள். பிறகு இரண்டின் மேலும் கரைப்பானை ஊற்றினாள். சூடு காட்டாத துண்டு துடைத்தது போல் வெறுமையானது. சூடு காட்டியது அப்படியே இருந்தது, ஊதா விளக்கின் கீழ் நீலமாக ஒளிர்ந்தது. டாக்டர் கையைக் கட்டிக்கொண்டு விளக்கினார். நடுவில் ஒருமுறை எந்திரத்தின் வேகத்தைக் கூட்டிக் காட்டப் போய், தப்பான குமிழைத் திருகினார், அவள் எட்டி வந்து சரிசெய்தாள். அக்கா அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பாட்டிலை ஏன் பிரிட்ஜில் வைக்கிறீர்கள் என்று அக்கா கேட்டதற்கு, டாக்டருக்குக் கோபம் வந்தது. ஏப்ரல் மாதம் பராமரிப்புக்காகக் காலை ஒன்பதிலிருந்து மாலை ஐந்துவரை கரண்ட் நிறுத்தினார்களாம். இந்தப் பெண் ஐஸ் வாங்கி வைக்க மறந்துவிட்டாளாம். அன்றைய வெயிலில் ஒரு பாட்டில் முழுக்க உள்ளேயே கோத்துக்கொண்டு கட்டியாகிவிட்டது, சனியன், கவிழ்த்தால்கூட விழவில்லை என்றார். ஐஸ் வாங்கப் போகாதே, பெங்களூருக்கு அனுப்ப வேண்டிய கட்டுரையைத் தட்டச்சு செய் என்று அன்றைக்குச் சொன்னது அவர்தான் என்று ஈஸ்வரி மெதுவாகச் சொன்னாள். அது அவர் காதில் விழவில்லை. அவர் காது அவருக்கு வேண்டியதை மட்டும் கேட்கும்படி பழக்கப்பட்டிருந்தது.

பத்து மணிக்குக் கிளம்பினோம். டாக்டர் முன்சீட்டில் உட்கார்ந்தார். மடியில் தடுப்பூசி கொண்டுபோவது மாதிரி ஒரு நீல நிற ஐஸ் பெட்டி. அக்காவும் ஈஸ்வரியும் பின்னால். முந்தல் தாண்டி மலை ஏறத் தொடங்கியதும் எனக்குத் தொண்டை வறண்டது. பெட்டியில் என்ன சார் என்று கேட்டேன். மோர் என்றார். ஒரு மடக்கு கிடைக்குமா என்றேன். வயிற்றுப்புண்ணுக்காக மருந்து போட்ட மோர், மற்றவர்கள் குடிக்கக்கூடாது என்றார். போடிமெட்டு வரை பதினேழு கொண்டை ஊசி வளைவிலும் அந்தப் பெட்டியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார், ஒரு சொட்டும் குடிக்கவில்லை. பெட்டிக்குள்ளும் மோர் தளும்புகிற சத்தம் கேட்கவில்லை. படித்தவர்களின் மோர் வேறு மாதிரி இருக்கும் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

பின்னால் அக்கா ஈஸ்வரியிடம் பாட்டிலைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. சாப்பிட்டாயா என்று கேட்டார். அவள் இல்லை என்றதும் தன் பையிலிருந்து இரண்டு இட்லியை எடுத்துக் கொடுத்தார். அவள் சாப்பிடாமல் கையிலேயே வைத்திருந்தாள்.

எஸ்டேட்டை அடையும்போது மணி பதினொன்றரை. மேலே மூடுபனி, கீழே செடிகளுக்குள் காய் எடுக்கிற பெண்களின் பேச்சு மட்டும் கேட்டது. மலையில் ஸ்டோர் என்றால் ஏலக்காய் காய வைக்கிற கட்டடம். பச்சைக்காயைக் கம்பிவலைத் தட்டுகளில் பரப்பி, அடியில் ஓடும் தகரக் குழாய்களில் விறகுச் சூட்டை விட்டு, ஒரு முழு நாள் கதவடைத்துக் காய வைப்பார்கள். கதவை அடிக்கடி திறந்தால் சூடு இறங்கிக் காய் வெளுத்துவிடும். வெளுத்த காயை ஏலத்தில் ஒருவரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

கணக்கப்பிள்ளையிடம் அனுமதி வாங்கி வருகிறேன் என்று டாக்டர் பெட்டியோடு கட்டடத்தைச் சுற்றிக்கொண்டு போனார். நாங்கள் முன்வாசலில் ராக்குவைப் பார்த்தோம். ஈஸ்வரியின் அம்மா, ஸ்டோருக்கு அவர்தான் பொறுப்பு. மகளைப் பார்த்ததும் எழுந்தவர், எங்களையும் பார்த்துவிட்டு அப்படியே நின்றார். அக்கா வந்த காரியத்தைச் சுற்றி வளைக்காமல் சொன்னார்.

"தெனம் தட்டு அம்புட்டையும் எறக்கிக் கூட்டிப் பெருக்கிட்டுத்தான் அடுத்த காயைப் போடுறேன்," என்றார் ராக்கு. "நேத்தும் கூட்டுனேன், இன்னைக்கு வெள்ளனயும் கூட்டுனேன். பாட்டிலும் இல்ல, கீட்டிலும் இல்ல. எம்மக எதுக்கு ஆத்தா அடுத்தவுக சாமானைக் கொண்டாந்து என் தலையில போடப்போறா?"

அதை அக்கா எழுதிக்கொண்டார். திரும்பி வந்த டாக்டர், பெற்ற தாய் வேறென்ன சொல்வாள் என்று சிரித்தார். கணக்கப்பிள்ளை இல்லையாம். அவருடைய வெள்ளை ஷூவின் முனையில் சாம்பல் ஒட்டியிருந்தது. மலைப்பாதையின் அழுக்கு என்று நான் முடிவு செய்தேன். என்னை யாரும் முடிவு செய்யச் சொல்லவில்லை.

உள்ளே போனதும் மூச்சு முட்டியது. ராக்கு மட்டும் வாசலிலேயே நின்று முகத்தைத் தூக்கிக் காற்றை மோந்தார். பிறகு நடுத்தட்டில் தொங்கிய வெப்பமானியைப் போய்ப் பார்த்தார்.

"பின்னாடி வெறகுக் கதவை யாரு தெறந்தாக? அறுவதுல நின்னது அம்பத்தஞ்சுக்கு வந்துருச்சு. காயி வெளுத்தா மொதலாளி என்னையத்தான வைவாக."

ஒரு சூட்டுக்கூடத்துக் கிழவியின் புலம்பலைக் கேட்கவா அவ்வளவு தூரம் வந்தோம் என்று டாக்டர் அலுத்துக்கொண்டு, கீழ்த்தட்டுகளையும் பார்க்கச் சொன்னார். நான் குனிந்து பார்த்தேன். விறகுக் கதவுக்குப் பக்கத்தில், கடைசித் தட்டின் அடியில், பழுப்புப் பாட்டில் நின்றிருந்தது. கிடைத்துவிட்டது என்று கூவினேன். என் வாழ்க்கையில் நானாகக் கண்டுபிடித்த முதல் தடயம் அது. அன்று சாயங்காலம் வரை அந்தப் பெருமை நீடிக்கவில்லை.

ராக்கு மகளைப் பார்த்தார், பாட்டிலைப் பார்த்தார், தான் பெருக்கிய தரையைப் பார்த்தார். டாக்டரின் முகம் மட்டும் மலர்ந்தது. நல்லவேளை, என்னிடம் ஐஸ் பெட்டி இருக்கிறது, கொடுங்கள் என்று கையை நீட்டினார். மோர் என்ன ஆயிற்று சார் என்று கேட்டேன்.

"சார், கை வைக்காதீக," என்றார் அக்கா. "போலீசுக்குப் போற சோலி. இருந்த இடம், இருந்த நேரம் எல்லாம் எழுதணும்ல."

பாட்டிலைச் சாய்த்து வீடியோ எடுக்கச் சொன்னார். எடுத்தேன். உள்ளே இருந்தது தேன் மாதிரி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓடியது. நேரத்தைச் சத்தமாகச் சொல்லச் சொன்னார். பதினொன்று ஐம்பது என்றேன். பிறகு பாட்டிலையும் வெப்பமானியையும் சேர்த்துப் படம் எடுக்க வேண்டும் என்று பாட்டிலை நடுத்தட்டில் கொண்டுபோய் வைத்தார். படம் எடுத்து முடித்ததும் அதை அங்கேயே விட்டுவிட்டு ஒரு நோட்டைத் திறந்து ஸ்டோரின் வரைபடம் போட ஆரம்பித்தார். ராக்கு கதவுகளை இறுக்கச் சாத்தி, விறகைத் தள்ளிவிட்டு வந்தார். வெப்பமானி ஏறத் தொடங்கியது.

அக்கா மாதிரி மெதுவாகப் படம் வரைகிற ஒருவரை நான் பார்த்ததில்லை. ஒவ்வொரு தட்டையும் எண்ணினார். கோடு கோணியது என்று அழித்துவிட்டு மறுபடி போட்டார். ராக்குவிடம் பால் இல்லாத கட்டன் சாயா கிடைக்குமா என்று கேட்டு, அது வந்ததும் வாசல்படியில் உட்கார்ந்து ஊதி ஊதிக் குடித்தார். ஏலக்காய் விலை பற்றி விசாரித்தார். நடுநடுவே உள்ளே போய் ஒரு தட்டை அளந்துவிட்டு வந்தார்.

டாக்டர் முதலில் கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு பாட்டிலைப் பெட்டியில் வைத்துவிட்டு வரைந்தால் என்ன என்று கேட்டார். சாட்சிப் பொருளை ஸ்டோரை விட்டு வெளியே எடுத்தால் வக்கீல் பிடித்துக்கொள்வார் என்றார் அக்கா. பத்து நிமிடம் கழித்து டாக்டர் கெஞ்சினார். இன்னும் பத்து நிமிடத்தில் அதட்டினார். வாசலில் மேலும் கீழும் நடந்தார், உள்ளே போனார், வியர்வையோடு வெளியே வந்தார். கட்டன் சாயாவைத் தொடவில்லை. அவர் பிள்ளை அறுவைச் சிகிச்சை அறைக்குள் இருந்தால்கூட அப்படித் தவித்திருப்பாரா என்பது சந்தேகம். மணி ஒன்று ஆகும்போது அவர் பொறுமை அறுந்துவிட்டது.

"மேடம், போதும். இன்னும் பத்து நிமிஷம் அந்தச் சூட்டில இருந்தா மொத்தமும் போயிடும்."

அக்கா பென்சிலைக் கீழே வைத்தார். ஒரு மணி நேரமாக அவர் காத்திருந்தது அந்த ஒரு வரிக்குத்தான் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"செவ்வாக்கெழமையிலிருந்து இங்க இருக்கிற சாமான் சார். இதே சூட்டுல மூணு தடவை காயி போட்டு எறக்கியிருக்காக. அப்பல்லாம் போகாதது இந்தப் பத்து நிமிஷத்துலயா போகப்போகுது?"

டாக்டர் சமாளிக்கப் பார்த்தார். அம்மாக்காரி பாட்டிலை இதுவரை வேறு எங்காவது குளிரில் வைத்திருந்து இன்று காலைதான் இங்கே வைத்திருப்பாள் என்றார். இருக்கலாம் என்று அக்கா ஒத்துக்கொண்டார். ஆனால் கூலிக்காரர்கள் குடியிருக்கிற லயத்தில் பிரிட்ஜ் கிடையாது. தேடி வருகிறார்கள் என்று தெரிந்து திருட்டுச் சாமானைத் தன் சொந்த ஸ்டோருக்குள் எடுத்து வைக்கும் அளவுக்கு ராக்கு டாக்டர் நினைப்பது போன்ற முட்டாளும் இல்லை. முக்கியமாக ஒன்று. இந்தத் திரவம் கெட்டால் திருடிக்கு என்ன வந்தது? அது கெடாமல் இருக்க வேண்டும், திங்கட்கிழமை தனக்கே வேண்டும் என்று நினைக்கிற ஆள் ஒருவர்தான். அதனால்தான் அவர் பாட்டிலை மூன்று நாளாகச் சில்லென்று வைத்திருந்து, வளைவுக்கு வளைவு மடியில் கட்டிப்பிடித்துக் கொண்டுவந்து, எங்களை முன்வாசலில் பேசவிட்டு, விறகுக் கதவு வழியாக உள்ளே வைத்தார். ராக்குவின் வெப்பமானி ஐந்து டிகிரி இறங்கியது அந்த நேரத்தில்தான். ஷூவில் ஒட்டியது அடுப்படிச் சாம்பல். இதையெல்லாம் அக்கா குரலை உயர்த்தாமல் சொன்னார்.

"கார்முகில், சாரோட மோரை ஊத்து, எல்லாரும் குடிப்போம்."

நான் நீலப் பெட்டியைத் திறந்தேன். மோர் இல்லை. ஐஸ் பைகளும், நடுவில் வட்டமாக ஓட்டை போட்ட ஒரு தெர்மாகோல் பலகையும் இருந்தன. அக்கா உள்ளே போய்ப் பாட்டிலைத் துணியால் பிடித்து எடுத்துவந்து அந்த ஓட்டையில் இறக்கினார். அளவெடுத்துத் தைத்தது போல் உட்கார்ந்தது. அந்த நிலையிலும் டாக்டர் நிம்மதியாக மூச்சு விட்டு, அப்படியே இருக்கட்டும், எடுக்காதீர்கள் என்றார். அவருக்கு வெட்கம் வரவில்லை, சந்தோஷம்தான் வந்தது. எனக்கு அவர் கன்னத்தில் ஒன்று வைக்கலாம் என்று இருந்தது.

அக்கா நோட்டில் ஒரு புதுப் பக்கத்தைப் புரட்டி அவர் முன் நீட்டினார். இரண்டு வழி இருக்கிறது என்றார். பாட்டில் செவ்வாய்க்கிழமை முதல் இங்கேதான் இருந்தது என்று எழுதலாம். அப்படியானால் மூன்று நாள் அறுபது டிகிரியில் இருந்தும் அது தேன் மாதிரி ஓடியதற்கு வீடியோ இருக்கிறது. விண்ணப்பத்தில் எழுதியது பொய், அது கோத்துக்கொள்கிற பாலிமரே இல்லை என்று பெங்களூர்க்காரர்களுக்குத் தெரிந்துவிடும். அல்லது, இன்று நான்தான் கொண்டுவந்து வைத்தேன் என்று எழுதலாம்.

கள்ளனா, பொய்யனா. அரை நிமிடம் யோசித்தார். அவரை மாதிரி ஆளுக்கு அது அதிக நேரம்.

"என் பாலிமர் பொய் கிடையாது மேடம்," என்று பேனாவை வாங்கினார். தானே எடுத்து வைத்திருந்ததையும், போன் வந்ததாகச் சொன்னது கதை என்பதையும், ஈஸ்வரி பாட்டிலைத் தொடவில்லை என்பதையும் எழுதிக் கையெழுத்துப் போட்டார். பெயருக்குப் பின்னால் பட்டங்களையும் மறக்காமல் எழுதினார்.

எதற்காக இந்த வேலை என்று அக்கா கேட்டது அவரை அல்ல, ஈஸ்வரியை.

"போன மாசம் விண்ணப்பத்துல என் பேரையும் போடச் சொன்னேன்," என்றாள் அவள். "அறுபதுல கோக்குறதுக்கு அந்தக் கலவையை மாத்துனது நான். சார் அப்ப ஊர்லகூட இல்ல. பேரைக் கேட்டதுலயிருந்து என்கூடச் சரியாப் பேசல."

அவள் அதைச் சொல்லும்போதும் டாக்டர் ஐஸ் பெட்டியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா பாட்டிலை வெளியே எடுத்தார். மூடியைக் கழற்றினார். டாக்டர் பதறிக் கையை நீட்டுவதற்குள் தலைகீழாகக் கவிழ்த்துப் பிடித்தார். ஒரு சொட்டும் விழவில்லை. உள்ளே இருந்தது முழுக்கக் கட்டியாகியிருந்தது. குச்சியால் குத்தியும் அசையவில்லை.

"நீங்க சொன்னது நெசந்தான் சார். பாலிமர் பொய்யில்ல," என்றார் அக்கா. "திங்கக்கெழமைக்குள்ள மறுபடி செஞ்சுருவீகளா?"

டாக்டர் மகாராஜன் ஈஸ்வரியைத் திரும்பிப் பார்த்தார். ஐந்து வருடத்தில் முதல் தடவையாக அவளைச் சரியாகப் பார்த்தார் என்று நினைக்கிறேன். தப்பான குமிழைத் திருகியவருக்கு அந்தக் கலவையின் முதல் படிகூடத் தெரியாது என்பது அங்கே நின்ற எல்லோருக்கும் விளங்கிவிட்டது. ராக்குவுக்கும் விளங்கியது. அவர் முந்தானையை உதறிச் செருகிக்கொண்டு மகளுக்குப் பக்கத்தில் வந்து நின்றார்.

இரண்டரை நாள் ஆகும் என்றாள் ஈஸ்வரி. இன்று சாயங்காலம் தொடங்கினால் திங்கட்கிழமை காலை முடித்துவிடலாம். டாக்டருக்கு உயிர் வந்தது. அப்படியானால் கிளம்பு, வெரசாகப் போகலாம், ஜீப்பை எடுங்கள் என்று பழைய குரலில் உத்தரவு போட்டார். ஈஸ்வரி அசையவில்லை. விண்ணப்பத்தைத் திருத்தி எழுதினால்தான் கூடத்துக்குள் காலெடுத்து வைப்பேன் என்றாள். அவர் அவசரமாகத் தலையாட்டினார். சரி, இரண்டு பேர் பெயரையும் போட்டுவிடலாம், உன் பெயரையே முதலில் போடலாம் என்று பெரிய மனதோடு இறங்கி வந்தார்.

ஈஸ்வரி அவரைப் பார்த்தாள். அவள் குரலில் கோபம் இல்லை, தெரியாத ஒன்றைக் கேட்டுத் தெரிந்துகொள்கிற மாதிரிதான் கேட்டாள்.

"உங்க பேரு எதுக்கு சார்?"